முழங்கால் மூட்டுத் தேய்மானம்: ஊசி எதற்கு, அறுவை சிகிச்சை எப்போது?

சிங்கப்பூரில் முழங்கால் வலியோடு பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும் முதியவர் ஒருவர், மாத்திரை, தைலம், பிசியோதெரபி என்று சில மாதங்களைக் கடந்தபின் எலும்பு மருத்துவ நிபுணரிடம் அனுப்பப்படும்போது, பெரும்பாலும் இரண்டு சொற்களோடு வீடு திரும்புகிறார்: ஊசி, அறுவை சிகிச்சை. அன்றிரவே வீட்டில் விவாதம் தொடங்கிவிடும். "முதல்ல ஊசி போட்டுப் பாப்போம்மா, அறுக்கறதெல்லாம் அப்புறம்" என்பார் மகன். "எப்படியும் அறுக்கத்தான் போறாங்க, உடம்புல தெம்பு இருக்கறப்பவே செஞ்சிடலாம்" என்பார் மகள். எதிர் புளோக்கில் ஒருவருக்கு ஒரே ஊசியில் வலி போனது, தேக்கா சந்தையில் பார்த்த இன்னொருவருக்கு அறுவைக்குப் பிறகும் கால் மடங்கவில்லை என்று ஆளுக்கொரு சான்றும் வந்து சேரும்.

இந்த விவாதம் முழுவதும், இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இருவேறு வழிகள், ஒன்று எளியது மற்றொன்று கடினமானது என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. உண்மையில் இரண்டின் வேலையும் வேறு. ஊசி சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ வலியைத் தணிக்கக்கூடியது. மூட்டின் நிலையை அது மாற்றுவதில்லை. அறுவை சிகிச்சை தேய்ந்த பரப்பையே அகற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறது. அதைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, கிடைக்கும் அந்த அவகாசத்தில் என்ன செய்யப்போகிறோம் என்பது. அறுவையைப் பற்றிய கேள்வி, இந்த முழங்காலோடு வாழும் வாழ்க்கை எந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பது. இக்கட்டுரை மூட்டுத் தேய்மானத்தை மட்டுமே பேசுகிறது. முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களுக்கு மருத்துவமே வேறு.

நிபுணரின் அறையில் திரையில் தெரியும் எக்ஸ்ரே படத்திலிருந்து தொடங்கலாம். நின்ற நிலையில் எடுத்த அந்தப் படத்தில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே ஓர் இருண்ட இடைவெளி தெரியும். அது காலி இடமன்று; எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு அங்கேதான் இருக்கிறது. தேய்மானம் கூடக் கூட அந்த இடைவெளி குறுகும், பெரும்பாலும் உட்புறத்தில் முதலில். எலும்பின் ஓரங்களில் கூர்மையான துருத்தல்கள் முளைக்கும். கால் மெல்ல மெல்ல வெளிப்புறமாக வளையும். 1957ல் வெளியான கெல்கிரன், லாரன்ஸ் அளவுகோலின்படி மருத்துவர்கள் இதைப் பூஜ்யம் முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். "நாலாவது ஸ்டேஜாம்" என்று வீட்டில் கலக்கத்தோடு சொல்லப்படுவது இந்த எண்ணைத்தான்.

ஆனால் படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் எலும்போடு எலும்பு உரசும் நிலையிலும் தினமும் சந்தைக்கு நடந்து போய்வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் தரத்திலேயே இரவில் தூங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. வலி எழுவது மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சியிலிருந்தும், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், வலுவிழந்த தசைகளால் மூட்டின்மேல் விழும் கூடுதல் பாரத்திலிருந்தும்தான். படத்தை மட்டும் காட்டி உடனே அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்லும் மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை. அதேபோல, படம் மோசமாகிவிட்டது என்பதற்காக உடற்பயிற்சியால் இனிப் பயனில்லை என்று நோயாளி தானாகவே முடிவு கட்டிவிடவும் கூடாது.

ஊசி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் முக்கியமானவை மூன்று: ஸ்டீராய்டு, ஹையலுரானிக் அமிலம், சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிஆர்பி. போடும் முறை மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். படுக்கையில் காலை நீட்டிப் படுக்க வைத்து, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, முழங்கால் சில்லின் பக்கவாட்டில் ஊசியைச் செலுத்துவார்கள். மூட்டு வீங்கியிருந்தால் முதலில் வைக்கோல் நிறத்தில் இருக்கும் திரவத்தை வெளியே உறிஞ்சி எடுப்பார்கள். பலருக்கு அந்த இறுக்கம் குறைவதாலேயே பாதி நிம்மதி வந்துவிடும். பிறகு மருந்து உள்ளே போகும். எல்லாம் சில நிமிட வேலை. அன்றே பேருந்தில் வீடு திரும்பலாம்.

ஸ்டீராய்டு ஊசி அழற்சியை அடக்குகிறது. திடீரென்று வலி ஏறி, முழங்கால் வீங்கி, நடக்கவே முடியாமல் போகும் நாள்களில் அது உண்மையிலேயே உதவும். அந்த உதவி பொதுவாகச் சில வாரங்கள் நீடிக்கும். சிக்கல், அதையே பழக்கமாக்கிக்கொள்ளும்போது வருகிறது. 2017ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் வெளியான ஓர் ஆய்வில், 140 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டும் மறுசாராருக்கு வெறும் உப்புநீரும் 2 ஆண்டுகளுக்குப் போட்டார்கள். முடிவில் வலியில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பு இழப்பு மட்டும் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஊசி போட்ட முதல் சில வாரங்களின் நிவாரணத்தை அந்த ஆய்வு அளக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என்றாலும், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டே காலம் தள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு அதில் இடமில்லை.

சிங்கப்பூர்த் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நம்மிடையே பரவலாக இருக்கும் நீரிழிவு. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டும் இரத்தத்தில் கலக்கிறது. அடுத்த சில நாள்களுக்குச் சர்க்கரை அளவு வழக்கத்தைவிட ஏறும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். அந்த வாரத்தில் வீட்டிலுள்ள கருவியால் அடிக்கடி பார்த்துக்கொள்வதும் நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன். கடையிலோ இணையத்திலோ வெளியூரிலிருந்து வரும் பொட்டலத்திலோ கிடைக்கும் 'மூலிகை' மூட்டுவலி மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி மாயமாய்ப் போய்விட்டது என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

ஹையலுரானிக் அமில ஊசி, மூட்டுத் திரவத்துக்கு வழவழப்பைத் தரும் பொருளை மீண்டும் நிரப்புவது என்ற அழகான விளக்கத்தோடு விற்கப்படுகிறது. விளக்கத்தின் அழகுக்கு ஆய்வு முடிவுகள் ஈடுகொடுக்கவில்லை. 2022ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, 21,000க்கும் அதிகமானோர் பங்கேற்ற 169 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், போலி ஊசியோடு ஒப்பிடும்போது அதன் கூடுதல் பயன் நோயாளியால் உணரக்கூடிய அளவைவிடச் சிறியது என்றே தெரிந்தது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் கழகம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டியும் அதை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. பிஆர்பியின் கதை இன்னும் முடியவில்லை. சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021ல் வெளியான கவனமான ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு வலியிலும் குருத்தெலும்பிலும் உப்புநீருக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குருத்தெலும்பை வளர்க்கும் என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்பவர்களிடம் இந்த ஒரு முடிவைச் சொல்லி விளக்கம் கேட்கலாம்.

அப்படியானால் ஊசி போட்டுக் குணமானதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. மூட்டுத் தேய்மான வலி ஏறியிறங்கும் தன்மையுடையது. யாரும் வலி குறைவாக இருக்கும் நாளில் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறோம். அதன்பின் என்ன செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும்கூட, வலி ஓரளவு இறங்கவே செய்யும். உப்புநீர் ஊசி போட்டவர்களும் தேறியதாகச் சொல்வதற்கு இதுவும், சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற மன ஆறுதலும் காரணம்.

குடும்ப விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் மூன்றாவது ஒன்று இருக்கிறது: முறையான உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும். இதைச் சொன்னதும் "அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு" என்ற பதில் வரும். விசாரித்தால், பிசியோதெரபிக்கு இரண்டு முறை போனார், கொடுத்த தாளை அலமாரியில் வைத்துவிட்டார் என்பது தெரியவரும். பயன் தெரிய வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்ற கணக்கில், குறைந்தது 6 முதல் 12 வாரங்கள், தொடைத் தசையும் இடுப்புத் தசையும் உண்மையிலேயே களைக்கும் அளவுக்குச் செய்ய வேண்டும். பயிற்சியின்போது சிறிது வலிப்பது கேடு விளைவதற்கான அடையாளமன்று. 2020ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, 156 பேரில் ஒரு பாதிக்குப் பிசியோதெரபியும் மறுபாதிக்கு ஸ்டீராய்டு ஊசியும் கொடுத்து ஓராண்டு கழித்துப் பார்த்தது. வலியிலும் இயக்கத்திலும் பிசியோதெரபி பெற்றவர்களே மேலான நிலையில் இருந்தார்கள். எடையைப் பொறுத்தவரை, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நடக்கும்போது முழங்காலில் விழும் பாரம் அடிக்கு அடி ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

நான் ஊசியை முற்றிலும் ஒதுக்காததற்கு இதுவே காரணம். பயிற்சியைத் தொடங்கவே விடாத வலி ஒருவருக்கு இருந்தால், ஒரு ஸ்டீராய்டு ஊசி தரும் அந்தச் சில வாரங்களில் தசையைத் தட்டியெழுப்பலாம். ஊரில் மகள் திருமணம் அடுத்த மாதம் என்றாலும் ஊசி நியாயமே. ஊசி போட்டுவிட்டுப் பழையபடி நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டால், மருந்து வடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவோம். தசை மட்டும் இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்கும்.

அறுவை சிகிச்சைக்கு வருவோம். முழங்காலையே எடுத்துவிட்டு இரும்புக் காலை வைக்கிறார்கள் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நடப்பது அதுவன்று. தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்த பரப்பைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி எடுத்து, மேலே கோபால்ட்-குரோமியக் கலவையாலான வளைந்த உறையையும் கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டையும், இரண்டுக்கும் நடுவே உறுதியான பிளாஸ்டிக் தகட்டையும் பொருத்துகிறார்கள். பக்கவாட்டுத் தசைநார்கள் நம்முடையவையாகவே இருக்கும். தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி அறுவையும் உண்டு. தேறுவது விரைவு, ஆனால் பின்னாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு அதில் சற்று அதிகம்.

'பத்து வருஷம்தான் தாங்கும்' என்ற பழைய பேச்சையும் கைவிடலாம். 2019ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பின்படி, முழு மூட்டு மாற்றங்களில் ஏறத்தாழ 82 விழுக்காடும் பகுதி மாற்றங்களில் 70 விழுக்காடும் 25 ஆண்டுகளுக்குப் பிறகும் மறு அறுவையின்றி நிலைத்திருந்தன. வயது இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. 70 வயதுக்கு மேல் அறுவை செய்துகொள்பவருக்கு எஞ்சிய வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்திலிருக்கும் ஆண்களுக்கு அது சுமார் 35 விழுக்காடு என்று பிரிட்டனில் திரட்டிய தரவுகள் காட்டுகின்றன. ஐம்பத்திரண்டு வயதுப் பாதுகாவல் அதிகாரிக்கும் எழுபத்து நான்கு வயதுப் பாட்டிக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

மறுபக்கம், அறுவை எல்லாருக்கும் மனநிறைவு தருவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முடிவில் நிறைவின்றியோ தொடரும் வலியுடனோ இருக்கிறார். மூட்டுக்குள் கிருமித்தொற்று நூற்றில் ஓரிருவருக்கு ஏற்படலாம். ஏற்பட்டால் அது சிறிய தொல்லையன்று, மீண்டும் அறுவை அறைக்கே கொண்டுபோகும். காலில் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு.

அறுவையையும் பயிற்சியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு என்று சொல்லத்தக்கது டென்மார்க்கில் நடந்து 2015ல் வெளியானது. மூட்டு மாற்றத்துக்குத் தகுதிபெற்ற 100 பேரில் பாதிப் பேருக்கு அறுவையோடு 12 வாரப் பயிற்சித் திட்டமும், மறுபாதிக்கு அத்திட்டம் மட்டுமும் கொடுத்தார்கள். மிகக் கடுமையான வலியுள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. ஓராண்டில், நூறு புள்ளி அளவுகோலில் அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 32.5 புள்ளிகள் தேறினார்கள், மற்றவர்கள் 16. அறுவையின் பலம் இதில் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. ஆனால் கடுமையான பாதக நிகழ்வுகள் அறுவைக் குழுவில் 24, மற்றதில் 6. இரண்டாம் குழுவின் 50 பேரில் 13 பேர் அந்த ஆண்டுக்குள் அறுவைக்குப் போய்விட்டார்கள். மீதி 37 பேர் போகவில்லை. அறுவைதான் முடிவு என்று சொல்லப்பட்ட ஒரு கூட்டத்தில் முக்கால் பங்கினர் குறைந்தது ஓராண்டு அது இல்லாமலே இருக்க முடிந்தது என்பதும், அந்தக் குழுவினர் சராசரியாகப் பாதி அளவே தேறினார்கள் என்பதும் ஒருசேர உண்மை. எதற்கு அதிக எடை கொடுப்பது என்பதை அவரவர் வாழ்க்கைதான் சொல்ல வேண்டும்.

வாழ்க்கை என்னும்போது, நம் வீட்டுப் பழக்கங்களை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதிய மூட்டு பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். நாற்காலியில் அமரவும் படியேறவும் அது போதும். தரையில் சம்மணமிடுவதற்கும், குந்தி உட்காருவதற்கும், தொழுகையில் முழங்காலை முழுவதும் மடக்கி அமர்வதற்கும் அதைவிட அதிகம் தேவை. பூசை அறையில் தரையில் அமர்ந்தே பழகிய அம்மாவும், பள்ளிவாசலில் வரிசையில் நின்று தொழ விரும்பும் அத்தாவும் அறுவைக்குப் பிறகு நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கலாம். மண்டியிட்டால் பொருத்திய மூட்டு உடைந்துவிடாது. ஆனால் பலருக்கு அது உறுத்தலாகவே இருக்கும். அறுவைக்கு முன்பு கால் எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்தே பின்பும் மடங்கும் என்பதால், ஏற்கெனவே இறுகிப்போன முழங்கால் அறுவைக்குப் பின் தாராளமாக மடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரையுள்ள ஊர்வலப் பாதையை மீண்டும் நடக்க வேண்டும் என்பது ஒருவரின் ஆசையென்றால், தேறியபின் அது நடக்கக்கூடியதே. தரையில் அமர்ந்து பேரனுக்குச் சோறூட்ட வேண்டும் என்பது ஆசையென்றால், அதை முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்ள வேண்டும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. இரவுத் தூக்கம் கெடுகிறது, இரண்டு பேருந்து நிறுத்தத் தொலைவைக்கூட நடக்க முடியவில்லை, வலி மாத்திரை இல்லாமல் நாள் ஓடவில்லை, ஒழுங்காகச் செய்த மூன்று மாதப் பயிற்சியும் பலன் தரவில்லை என்ற நிலை வந்தபின் ஊசிக்கு மேல் ஊசியாகத் தள்ளிப்போடுவது, கால் வளைவையும் தசை மெலிவையும் வளர்த்து, பின்னால் செய்யும் அறுவையின் பலனையே குறைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவது சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு அது இரட்டிப்புக் கவலை.

பணமும் முடிவைச் சத்தமில்லாமல் திசைதிருப்புகிறது. மருத்துவமனை அனுமதியும் அறுவையும் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்கள் ஆகியவற்றின் வரம்புக்குள் வருகின்றன. மருந்தகத்தில் போடும் மூட்டு ஊசிக்கும் வாராவாரம் செல்லும் பிசியோதெரபிக்கும் மெடிஷீல்டு லைஃப் பொதுவாகக் கைகொடுக்காது. நாட்பட்ட நோய்களுக்கான மெடிசேவ் ஏற்பாட்டில் மூட்டுத் தேய்மானம் இருந்தாலும் அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. இதனால் பெரிய சிகிச்சை கையிலிருந்து குறைவாகவும் சிறிய சிகிச்சை கையிலிருந்து அதிகமாகவும் செலவழிக்க வைக்கும் விசித்திரம் சிலருக்கு நேர்கிறது. பலதுறை மருந்தகப் பரிந்துரையோடு போனால் நிபுணரிடம் அரசு மானியம் கிடைக்கும். அந்த வழியில் மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எதுவானாலும், நாள் குறிப்பதற்கு முன் மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் மதிப்பீடு கேட்டுப் பெறுவது நம் உரிமை.

சென்னைக்கோ திருச்சிக்கோ போய்ச் செய்துகொண்டால் மலிவு என்ற யோசனையும் வரும். இந்திய அரசு 2017ல் செயற்கை முழங்கால்களுக்கு விலை உச்சவரம்பு விதித்தபின் அந்தக் கணக்கு இன்னும் கவர்ச்சியானது. ஆனால் இங்குள்ள மானியமும் மெடிசேவும் அங்கே உதவாது. அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு விமானப் பயணம் இரத்த உறைவு அபாயத்தைக் கூட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் மாதம் மூட்டு சிவந்து வீங்கினால் யாரிடம் போவது என்ற கேள்வி நிற்கும். அறுத்த மருத்துவர் பக்கத்தில் இருப்பது இந்தச் சிகிச்சையில் சிறிய விஷயமன்று.

அறுவைதான் என்று முடிவாகிவிட்டால் ஊசியின் கணக்கு மாறுகிறது. அறுவைக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டால் கிருமித்தொற்று வாய்ப்புக் கூடுகிறது என்பதால், நாள் குறித்தபின் "அதுவரைக்கும் தாங்கணுமே, ஒரே ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்ற வேண்டுகோளை நல்ல மருத்துவர் மறுத்துவிடுவார். வேறொரு மருந்தகத்தில் போட்டுக்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுவையைத் தள்ளிவைக்க நேர்ந்தாலும் சரி. அந்த வாரங்களில் செய்யத்தக்கவை வேறு: சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல், புகைப்பழக்கத்தை நிறுத்துதல், பல்லில் சீழோ காலில் புண்ணோ இருந்தால் முதலில் அதை ஆற்றுதல், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து தொடையை வலுவாக்குதல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளியலறைக் கைப்பிடிகளுக்கும் வழுக்காத தரைக்கும், முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றித் தரும் 'ஈஸ்' திட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பதையும் இப்போதே செய்துவிடலாம். மருத்துவமனையிலிருந்து சில நாள்களிலேயே அனுப்பிவிடுவார்கள், நடைத்தாங்கியோடு வருபவருக்கு முதல் வாரத்திலேயே அவை தேவைப்படும்.